கினி பிக் தோல் சீக்கு: என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகளும் பதிலும்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல எட்டு வருஷமா கினி பிக் வளத்தறனுங்க. சீமைப் பெருச்சாளின்னும் சொல்லுவாங்க, எங்கூட்டு அப்பத்தாவுக்கு இன்னைக்கு வரைக்கும் அது "வாலில்லாத மொசலு"தான். என்கிட்ட குட்டி வாங்கிட்டுப் போனவங்க, அக்கம்பக்கத்துப் பசங்க, ஒறம்பரைன்னு ஆளாளுக்குக் கூப்பிட்டுக் கேக்கறதுல முக்காவாசி தோலு சமாச்சாரந்தான். முடி கொட்டுது, சொறியுது, செதில் விடுதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே எடமா எழுதி வெச்சுட்டா நல்லதுன்னு தோணுச்சு. நான் டாக்டரு இல்லீங்க, வளத்தி, பாத்து, டாக்டருங்ககிட்ட கேட்டுக் கத்துக்கிட்டதுதான் இது.

முடி கொட்டறது சாதாரணந்தானுங்களே அக்கா, எப்ப பயப்படோணும்?

தடவுனா கையில நாலு முடி ஒட்டிக்கிட்டு வரும், அது சாதாரணமுங்க, வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா முடிய மாத்திக்கிட்டேதான் இருக்கும். முடி போன எடத்துல தோலு கண்ணுக்குத் தெரிஞ்சா, செதிலோ புண்ணோ இருந்தா, சொறிஞ்சுக்கிட்டே இருந்தா, தொட்டா கத்துனா, அப்ப அது சீக்கு. ஒரே ஒரு பழக்கம் வெச்சுக்கங்க, வாரத்துக்கு ஒருக்கா சமையக்கட்டுத் தராசுல எடை போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. வளந்த கினி பிக்கு முக்கா கிலோவுல இருந்து ஒண்ணேகால் கிலோ வரைக்கும் இருக்கும். தோலு சீக்கோட எடையும் எறங்குதுன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்ராதீங்க.

காதுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் வழுக்கையா இருக்குது, சொறிதான?

இல்லீங்க. எல்லா கினி பிக்குக்கும் அந்த எடம் பொறந்ததுல இருந்தே வழுக்கைதான். முன்னங்காலு உள்பக்கமும் ஒரு சின்ன எடம் அப்படித்தான் இருக்கும். கடுவனா இருந்தா முதுகுத்தண்டு முடியற எடத்துல பிசுபிசுன்னு எண்ணெய் ஊத்துனாப்புல இருக்கும், அங்க ஒரு சுரப்பி இருக்குது. ரொம்ப அழுக்கு சேந்துருச்சுன்னா துளி தேங்காயெண்ணெய் வெச்சு ஊற விட்டுத் தொடச்சுட்டாப் போதும்.

ஓயாம சொறிஞ்சுக்கிட்டே இருக்குதுங்க. பேனா, உண்ணியா, எப்படிக் கண்டுபிடிக்கறது?

வெளிச்சத்துல ஒக்காந்து, டார்ச்சு அடிச்சு, முடிய எதிர்ப்பக்கமா ஊதி ஊதிப் பாருங்க. பேனுன்னா கண்ணுக்குத் தெரியும், வெள்ளையும் மஞ்சளுமா ஒல்லியா ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு இருக்கும், வெளிச்சம் பட்டதும் முடிக்குள்ள ஓடும், முட்டை முடியோட ஒட்டிக்கிட்டு இருக்கும். இது கினி பிக்குக்குன்னே இருக்கற பேனுங்க, மனுசன் தலையில ஏறாது, அதுக்கு வெசனப்பட வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியறது பேனுன்னா, தெரியாததுதான் ரொம்பக் கஷ்டப்படுத்தறது. ரெண்டு வகை இருக்குது. ரெண்டும் மைட்டு, அதாவது உண்ணி சாதியில ரொம்பப் பொடிசா இருக்கற பூச்சி. ஒண்ணு முடியிலயே தொத்திக்கிட்டு இருக்கற சின்ன மைட்டு, பின்பக்க முடியில தூசி தூவுனாப்புல தெரியும், செல்லோ டேப்ப முடியில ஒட்டி எடுத்து லென்சுல பாத்தா மாட்டும், பெரும்பாலும் அவ்வளவா அரிப்பு வராது. இன்னொண்ணு தோலுக்குள்ளயே பொந்து போடற சொறி மைட்டு, ட்ரிக்சகாரஸ் கேவியேன்னு பேரு. இது வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தோள்பட்டை, முதுகு, தொடையில முடி போயி, தோலு தடிச்சு, மஞ்சளா பொருக்குத் தட்டும். மூக்குல, மூஞ்சியில ஆரம்பிச்சா அது வேற, கீழ படர்தாமரை கேள்வியில சொல்லியிருக்கறேன்.

தொட்டாலே வலிப்பு வந்தாப்புல துடிக்குதுங்க, கழுத்து வெட்டி வெட்டி இழுக்குது, என்னங்க இது?

இதை நேர்ல பாத்திருக்கறேன், கருப்பின்னு ஒண்ணு வெச்சிருந்தேன். முதுகுல விரல் வெச்சதும் பின்னங்காலத் தூக்கி காத்துல படபடன்னு சொறியுது, அப்பறம் பக்கவாட்டுல சாஞ்சு நாலு காலும் தண்ணியில நீந்தறாப்புல அடிக்குது, கண்ணு அப்படியே நெலைகுத்திப் போச்சு. அரை நிமிசம் இருக்கும், எனக்கு ஒரு மணி நேரமாட்டத் தெரிஞ்சுது. மூளையில ஏதோ கோளாறுன்னுதான் நெனச்சேன். சொறி மைட்டு முத்திப் போனா அந்த அரிப்பு தாங்க முடியாம இப்படி வலிப்பு மாதிரியே வரும்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.

இந்த நெலமைக்கு வந்துட்டா அன்னைக்கே டாக்டருகிட்ட போவோணும். தடவாதீங்க, குளிப்பாட்டாதீங்க, சீப்பு போடாதீங்க, தொடத் தொட வலிப்பு வரும். துணி விரிச்ச அட்டைப் பெட்டியில இருட்டா வெச்சு எடுத்துட்டுப் போங்க. சினையா இருக்கறதுக்கு இந்த அரிப்புல சினை கலைஞ்சு போவக்கூட வாய்ப்பு உண்டு, அதனால சினைன்னா மொதல்லயே சொல்லிருங்க.

டாக்டரு தோல சொரண்டிப் பாத்துட்டு ஒண்ணுந் தெரியலைன்னாரு, ஆனா மைட்டுக்கு ஊசி போட்டுட்டாரு. தெரியாமயே எதுக்குங்க போடறாங்க?

அவரு செஞ்சது சரிதானுங்க. பொந்துக்குள்ள இருக்கற மைட்டு ஒவ்வொரு தடவையும் சொரண்டல்ல வராது, இல்லைன்னு வந்தாலும் இல்லைன்னு அர்த்தம் ஆவாது. முடி கொட்டுன எடம், அரிப்பு, பொருக்கு எல்லாம் மைட்டு மாதிரியே இருந்தா மருந்து குடுத்துப் பாக்கறது வழக்கந்தான், கேட்டுச்சுன்னா அதுதான் சீக்குன்னு உறுதி ஆயிரும்.

ஆனா ஒரு ஊசியோட நிறுத்திராதீங்க. மருந்து மைட்டத்தான் கொல்லும், முட்டையக் கொல்லாது. அதனாலதான் ஒரு வாரம் பத்து நாளு எடைவெளி விட்டு ரெண்டு மூணு தடவ போடறாங்க. ரெண்டாவது நாளே அரிப்பு கொறஞ்ச மாதிரி தெரியும், நல்லாயிருச்சுன்னு நம்மாளுங்க போறதில்ல, முட்டை பொரிச்சு மூணாவது வாரம் மறுபடி ஆரம்பிச்சுரும்.

மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசி ஊட்டுலயே இருக்குதுங்க, ஒரு சொட்டு போட்டா ஆவாதா?

நம்ம பக்கம் பண்ணாடி ஊட்டுல எல்லாம் ஆடு மாட்டுக்குன்னு இந்த மருந்து இருக்கறதால இதக் கேக்காத ஆளே இல்ல. மருந்து அதே மருந்துதான், பொய் சொல்லலீங்க. கணக்கப் பாருங்க. மாட்டு மருந்து ஒரு சதவீதம், ஒரு மில்லிய அம்பது கிலோ மாட்டுக்குப் போடறது. அப்ப ஒரு கிலோ கினி பிக்குக்கு அதே கணக்குல 0.02 மில்லி. டாக்டரு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டாக்கூட 0.04 மில்லி. நம்ம கையில இருக்கற அஞ்சு மில்லி சிரிஞ்சுல அந்தக் கோடே கெடையாது, ஒரு சொட்டே அந்த அளவத் தாண்டிரலாம். மாட்டுக்கு ஒரு சொட்டு கூடக் கொறைய ஆனாத் தெரியாது, இதுக்கு ரெண்டு பங்கு மூணு பங்கு ஆயிரும், தள்ளாடி நடுங்கி மயங்கிப் போவும்.

டாக்டரு இன்சுலின் சிரிஞ்சுல, இல்லைன்னா மருந்த நீர்த்து, எடை பாத்துப் போடுவாரு. செலமெக்டின்னு பிடரியில விடற சொட்டு மருந்தும் இருக்குது, அதும் எடைக்குத் தக்கன அவரு சொல்றதுதான். நாய்க்குத் தெளிக்கற ஃபிப்ரோனில், அமிட்ராஸ் கலந்து குளிப்பாட்டற மருந்து, பெர்மெத்ரின் உண்ணிப் பவுடரு, இந்த மூணையும் கிட்டவே கொண்டு போவாதீங்க.

மூக்கு மேல, கண்ணச் சுத்தி வட்ட வட்டமா செதில் விடுது, முடி இல்ல. இதும் மைட்டா?

இது பெரும்பாலும் படர்தாமரை, பூஞ்சை. ட்ரைக்கோஃபைட்டான்னு ஒரு வகைதான் கினி பிக்குல ஜாஸ்தியா வர்றது. மூக்கு, கண்ணோரம், காதுன்னு மூஞ்சியில ஆரம்பிச்சு அப்பறம் முதுகுக்குப் பரவும். வட்டத்தோட ஓரம் செவந்து, நடுவுல பொருக்கா இருக்கும், முடி பாதியில ஒடஞ்சு நிக்கும். அரிப்பு சிலதுக்குக் கொஞ்சம் இருக்கும், சிலதுக்கு சுத்தமா இருக்காது. சொறி மைட்டு மாதிரி துடிக்காது. குட்டிங்களுக்கும், புதுசா எடம் மாறுனதுக்கும், கூட்டமா அடைச்சு வெச்சதுக்கும்தான் மொதல்ல வரும்.

சில டாக்டருங்க ஊதா லைட்டு அடிச்சுப் பாப்பாங்க. கினி பிக்குல வர்ற பூஞ்சை பெரும்பாலும் அதுல மின்னாது, அதனால மின்னலைங்கறத வெச்சு இல்லைன்னு முடிவு பண்ண முடியாது. முடிய எடுத்து வளத்திப் பாக்கற டெஸ்ட்டுதான் சரியான வழி, அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆவும். அதுக்குள்ள மேல பூசற மருந்து ஆரம்பிச்சுருவாங்க, டெர்பினாஃபின், மைக்கோனசோல் மாதிரி. ஒடம்பு பூரா பரவிருந்தா வாயில குடுக்கற மருந்தும் எழுதுவாங்க. கிரிசியோஃபுல்வின்னு ஒரு பழைய மாத்திரை, அது வயித்துல இருக்கற குட்டியக் கெடுக்கும், சினைக்குக் குடுக்கக் கூடாது. முடி மொளைச்சதும் நிறுத்திராம டாக்டரு சொன்ன நாளு வரைக்கும் போடோணும், ஒன்றரை ரெண்டு மாசம் கூட ஆவும்.

எங்க பாப்பா அதக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேதான் தூங்குது. பாப்பாவுக்கு ஒட்டிக்குமா அக்கா?

படர்தாமரைன்னா ஒட்டுமுங்க, இதுல மறைக்க ஒண்ணுமில்ல. கையில, கழுத்துல, தூக்கி வெச்ச எடத்துல வட்டமா அரிப்பு வரும். தோலு நல்லாயிருக்கற கினி பிக்கு கூட பூஞ்சையச் சுமந்துக்கிட்டு இருக்கலாம். சீக்கு தீர்ற வரைக்கும் கொழந்தைங்க தூக்க வேண்டாம், பெரியவங்க கையொறை போட்டு மருந்து போட்டுட்டு சோப்புல கை கழுவுங்க. பாப்பாவுக்கு வட்டம் வந்திருந்தா தோல் டாக்டருகிட்ட போயி "ஊட்டுல கினி பிக் இருக்குது"ன்னு சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தையில அவருக்குப் பாதி வேலை முடிஞ்சுரும்.

சொறி மைட்டா இருந்தா கையில சின்னச் சின்ன செவப்புப் புள்ளியா வந்து அரிக்கும், ஆனா நம்ம தோலுல அது நெலச்சுப் பெருகாது, கினி பிக்குக்குச் சரியானா நமக்கும் போயிரும். பேனு ஒட்டாதுன்னு மேலயே சொல்லிட்டேன். இதுக்காக கொழந்தைகிட்ட இருந்து புடுங்கி யாருக்காவது தாட்டி விட்றாதீங்க, கொஞ்ச நாளு தள்ளி இருந்தாப் போதும்.

மெடிக்கல்ல படர்தாமரைக்கு ஒரு க்ரீம் குடுத்தாங்க, மூணே நாள்ல செவப்பு போச்சு. இதையே தொடரலாமா?

அந்த ட்யூப்ப எடுத்து பேரப் படிங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், இப்படி ஏதாவது இருந்துச்சுன்னா அது ஸ்டீராய்டு. நம்மூர்ல பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூணையும் கலந்து ஒரே ட்யூப்புல விக்கறாங்க. ஸ்டீராய்டு செவப்பையும் அரிப்பையும் அமுக்கிரும், பூஞ்சை உள்ளுக்குள்ள சந்தோசமா பரவும், நிறுத்துன வாரமே முன்னவிட ரெண்டு மடங்கா வரும். மனுசனுக்கே இந்த க்ரீமால படர்தாமரை உருவமே மாறிப் போயி தோல் டாக்டருங்க திண்டாடறாங்க. கினி பிக்கு போட்ட மருந்த நக்கும், அதுல இருக்கற ஆன்டிபயாடிக்கும் வயித்துக்குப் போவும், அது ஏன் ஆபத்துன்னு அமாக்ஸிசிலின் கேள்வியில இருக்குது.

வேப்பெண்ணெய், மஞ்சள், தேங்காயெண்ணெய் போடலாமா? எங்க அப்புச்சி அதுதான் சொல்றாரு.

பெரியவங்க ஆடு மாட்டுக்குப் பண்ணிப் பண்ணி வந்த கைவைத்தியம், அவங்க சொல்றதுல அக்கறைதான் இருக்குது. ஆனா கினி பிக்கு நாளு பூரா தன்னத்தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கற உசுரு. பூசுன வேப்பெண்ணெய் அரை மணி நேரத்துல வயித்துக்குள்ள போயிரும். அப்பறம் வெயிலு, பங்குனி சித்திரையில ஈரோடு கரூர்ப் பக்கம் அடிக்கற வெயிலுல ஒடம்பு பூரா எண்ணெய் பூசி வெச்சா சூடு தாங்காது. 18ல இருந்து 24 டிகிரிதான் அதுக்கு சொகம், முப்பதத் தாண்டுனாலே தெணறும்.

காஞ்சு வெடிச்ச பொருக்கு மேல விரல்ல தொட்டு ரெண்டு சொட்டு சுத்தமான தேங்காயெண்ணெய் வெக்கறதுல தப்பில்ல, பொருக்கு எளகும். அதோட நிறுத்திக்கங்க. மைட்டையும் பூஞ்சையையும் அது கொல்லாது. டீ ட்ரீ ஆயிலு, கற்பூரம், ஃபினாயில், எறும்புப் பொடி, இதெல்லாம் விஷம்.

குளிப்பாட்டுனா சரியாயிருமா?

சீக்குக்கு டாக்டரு ஷாம்பு எழுதிக் குடுத்தா மட்டும். சும்மா வாரா வாரம் குளிப்பாட்டுனா தோலு காஞ்சு அதுவே செதில் விட ஆரம்பிச்சுரும். வெதுவெதுப்பான தண்ணி, தலையும் காதும் நனையாம, முடிஞ்சதும் அடி வரைக்கும் காய வெக்கோணும். ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்தும் சாரலும் அடிக்கறப்ப ஈரத்தோட விட்றாதீங்க, சளி புடிச்சா இதுகளுக்கு நெஞ்சுக்குள்ள எறங்கிரும்.

நீள முடி வகையும், வயசாயி குண்டானதும் பின்பக்கம் மூத்திரத்துல நனைஞ்சு வெந்து போயி நாறும். அந்த எடத்து முடிய மட்டும் கத்திரிச்சு தெனமும் தொடச்சு விடுங்க. மழைக்காலத்துல அந்த ஈரத்துல ஈ முட்டை வெச்சு ஒரே நாள்ல புழு வெச்சுரும், புழுவப் பாத்தா ராத்திரியானாலும் டாக்டரத் தேடுங்க.

அரிப்பே இல்லீங்க, ஆனா ரெண்டு விலாவுலயும் ஒரே மாதிரி முடி போவுது. மைட்டு ஊசி போட்டும் கேக்கல.

பொட்டையா, ஒன்றரை ரெண்டு வயசத் தாண்டிருச்சான்னு மொதல்ல பாருங்க. ஆமான்னா அது தோலு சீக்கே இல்லாம இருக்கலாம். சினைப்பையில நீர்க்கட்டி வந்தா ஹார்மோன் மாறி, ரெண்டு விலாவும் கண்ணாடியில பாத்தாப்புல சமமா வழுக்கை ஆவும், தோலு சுத்தமா வழுவழுன்னு இருக்கும், காம்பு தடிச்சுப் பொருக்குத் தட்டும், சிலது கூட இருக்கறது மேல ஏறும், சண்டைக்குப் போவும். ஸ்கேன்ல கட்டி தெரியும். ஆபரேசன்தான் நெரந்தரத் தீர்வு, ஹார்மோன் ஊசியும் உண்டு, ஆனா கட்டி திரும்ப வரலாம்.

சினையோட கடைசி நாளுங்கள்லயும், குட்டி போட்டு பால் குடுக்கறப்பவும் இப்படி முடி மெலியும், அது தானாவே வந்துரும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா எத்தனை நாளா, கடுவனோட இருந்துச்சான்னு எழுதிட்டுப் போங்க, டாக்டருக்கு அது ஒதவும்.

தோலெல்லாம் நல்லாயிருக்குது, முடி மட்டும் கத்திரியில வெட்டுனாப்புல மேடும் பள்ளமுமா இருக்குது.

கூட இருக்கறது கடிச்சுத் தின்னுதுங்க. தலைக்குப் பக்கத்துல மட்டும் முடி நல்லாயிருந்து முதுகுல இல்லைன்னா தன்னோடத தானே கடிக்குது, வாய் எட்டாத எடம் தப்பிச்சுக்கும். இதுக்குக் காரணம் கூண்டுல எடம் பத்தாதது, சும்மா ஒக்காந்திருக்கறது, எல்லாத்துக்கும் மேல காஞ்ச புல்லு பத்தாதது. இருபத்திநாலு மணி நேரமும் வாயில மெல்லறதுக்குப் புல்லு இருக்கோணும். பாக்கெட்டுல வர்ற வெளிநாட்டுப் புல்லு கட்டுபடியாவலைன்னா காங்கேயம் தாராபுரம் பக்கம் கொரங்காட்டுல, அதான் மேய்ச்சக் காட்டுல, வளர்ற கொழுக்கட்டைப்புல்லு காய வெச்சுப் போடலாம், அருகம்புல்லு பச்சையா போடலாம். பூச்சி மருந்து அடிச்ச வயல் வரப்புல, இட்டேரியில நாய் நடமாடற எடத்துல அறுக்காதீங்க.

குட்டி வாங்க வர்றப்பவெல்லாம் கொய்யா, நெல்லிக்கா போடச் சொல்லி எதுக்கு அவ்வளவு வலியுறுத்தறீங்க, தோலுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?

ரொம்ப சம்பந்தம் இருக்குதுங்க, இத எழுதறதுக்கே பாதி காரணம் இதுதான். ஆடு, மாடு, மொசலு, கோழி எல்லாம் வைட்டமின் சிய ஒடம்புலயே தயார் பண்ணிக்கும். கினி பிக்கால முடியாது, நம்மளாலயும் முடியாது. 1907ல நார்வேயில ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக்னு ரெண்டு பேரு கினி பிக்குக்கு வெறும் தானியம் போட்டு வளத்திப் பாத்தப்ப கப்பக்காரங்களுக்கு வர்ற ஸ்கர்வி அப்படியே வந்துச்சு, அத வெச்சுத்தான் வைட்டமின் சி ஆராய்ச்சியே சூடு புடிச்சுது. நாமக்கல் பக்கம் ரெண்டு ஊட்டுல கோழித் தீவனமும் பழைய சோறும் மட்டும் போட்டு வளத்திட்டு, தோலு சீக்குன்னு கூப்பிட்டாங்க. முடி சிலுப்பிக்கிட்டு, செதில் விட்டு, புண்ணு ஆறாம, மூட்டு வீங்கி, தூக்குனா கத்துது. அது ஸ்கர்வி.

ஒரு கிலோ எடைக்கு தெனம் 10ல இருந்து 30 மில்லிகிராம் வேணும், சீக்கானதுக்கும் சினைக்கும் மேல்கணக்கு. குடைமிளகா ஒரு துண்டு தெனமும் குடுக்கறது ரொம்ப நல்லது. கொய்யா ஒரு சின்னக் கீத்து, சக்கரை இருக்கறதால வாரத்துக்கு மூணு நாளு. பெரிய நெல்லிக்காயில சத்து ஏராளம், ஆனா புளிப்பு ஜாஸ்தி, நகத்தளவு போதும், இல்லைன்னா வாயோரம் புண்ணாயிப் பொருக்குத் தட்டும். முருங்கக்கீரையில சுண்ணாம்பு அதிகம், மூத்திரப்பையில கல்லு கட்டும், அப்பப்ப மட்டும் போடுங்க. தண்ணியில வைட்டமின் சொட்டு கலக்காதீங்க, வெளிச்சத்துல செத்துப் போவும், ருசி மாறுச்சுன்னு தண்ணியும் குடிக்காது. இந்தச் சத்து பத்தலைன்னா மைட்டு, பூஞ்சை, பாதப்புண்ணு எல்லாத்துக்குமே கதவு தொறந்து வெச்சாப்புல.

பின்னங்கால் பாதம் செவந்து வீங்கியிருக்குது, நடக்கவே மாட்டேங்குது.

கம்பி வலை மேல வெச்சிருக்கறீங்களா? மொசல் கூண்டு வாங்கி அப்படியே விட்டவங்க ஊட்டுலதான் இது வரும். வலையும் ஈரமும் பாதத்த அறுத்து, உள்ள சீழ் வெச்சு, எலும்பு வரைக்கும் போவும். செவப்பா முடியில்லாம இருக்கறப்பவே வலைய எடுத்துட்டு மெத்துன்னு துணியோ தடிமனா காஞ்ச புல்லோ விரிங்க, தெனம் மாத்துங்க, குண்டா இருந்தா எடையக் கொறைங்க. கருப்பா பொருக்கு, வீக்கம் வந்துட்டா டாக்டரு வலிமருந்தும் ஆன்டிபயாடிக்கும் குடுத்து மாசக்கணக்குல கட்டு மாத்தோணும். வீட்டுல கத்தி வெச்சுக் கீறாதீங்க.

கழுத்துல, முதுகுல கட்டி இருக்குது. கேன்சரா?

முதுகுல இடுப்புப் பக்கம் உருண்டையா மெதுவா வளர்ற கட்டி நெறைய கினி பிக்குக்கு வரும், பெரும்பாலும் முடிக்கால்ல வர்ற சாதுவான கட்டி, ஆபரேசன்ல எடுத்துரலாம். தாடைக்குக் கீழ, கழுத்துல வந்தா சீழ்க்கட்டியா இருக்கலாம், ஒரு வகை கிருமியால நெறிகட்டி வீங்கும், சொரசொரப்பான சோளத்தட்டு குத்துன காயத்துலயும் ஆரம்பிக்கும். அமுக்கிப் பிதுக்காதீங்க, உள்ளயே ஒடஞ்சா ரத்தத்துல கலந்துரும்.

புண்ணுக்கு எங்க பையனுக்கு வாங்குன அமாக்ஸிசிலின் சிரப்பு மீதி இருக்குது, கொஞ்சூண்டு குடுக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். 2019ல என்னோட செவலைக்கு கடிபட்ட புண்ணு ஒண்ணு சீழ் வெச்சுது. ஞாயித்துக்கெழமை, டாக்டரு இல்ல, ஒரு மருந்துக்கடையில கேட்டேன், "கொழந்தைக்குக் குடுக்கறதுதான், கால் மில்லி குடுங்க"ன்னாங்க. குடுத்தேன். மூணாவது நாளு புல்லு திங்கல, வயிறு உப்பிக்கிச்சு, தண்ணியா பேதி. நாலாவது நாளு பொழுதோட என் மடியிலயே போயிருச்சு. புண்ணு நல்லாத்தான் ஆறிக்கிட்டு இருந்துச்சு.

பென்சிலின் வகையறா, அமாக்ஸிசிலின், க்ளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின், இதெல்லாம் கினி பிக் கொடல்ல இருக்கற நல்ல கிருமிய அழிச்சு, கெட்டது பெருகி விஷம் கக்கி உசுர எடுத்துரும். டாக்டரே எழுதுனாலும் "இது கினி பிக்குக்கு ஆவுங்களா, பென்சிலின் வகை இல்லீங்களே"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, மாடு நாய் மட்டுமே பாத்துப் பழகுனவங்களுக்கு நெனப்பு வராம போவலாம். என்ரோஃப்ளாக்ஸசின், ட்ரைமெத்தோப்ரிம் சல்ஃபா மாதிரி இதுக்கு ஒத்துக்கறது இருக்குது.

அப்ப எந்த டாக்டருகிட்டதான் போறது, எங்கூரு ஆஸ்பத்திரியில மாடு ஆடு மட்டுந்தான் பாக்கறாங்க.

போறதுக்கு முன்னாடி போன்ல "மொசலு, கினி பிக் பாப்பீங்களா"ன்னு கேட்டுருங்க. கோயமுத்தூர்ல செல்லப்பிராணி க்ளினிக்குல பாக்கறவங்க இருக்கறாங்க, சிக்கலான கேசுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குது. வெயிலுக்கு முந்தி விடியக்காலமே கெளம்புங்க, ஐஸ் பாட்டில துணியில சுத்தி பெட்டி ஓரத்துல வெச்சுக்கங்க. வெறும் வயித்துல கூட்டிட்டுப் போவாதீங்க, கினி பிக்கு பட்டினி கெடந்தா கொடல் நின்னுரும், வழி பூரா திங்கப் புல்லு வையுங்க. எடை நோட்டு, இதுவரைக்கும் போட்ட க்ரீம் ட்யூப்பு, முடி கொட்டுன மொத நாளு எடுத்த போட்டோ, மூணையும் எடுத்துட்டுப் போங்க. சோடியா வளத்தறவங்க ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க.

எல்லா மருந்தும் போட்டாச்சுங்க, ரெண்டு மாசத்துல மறுபடி அதே சொறி. ஏனுங்க போவ மாட்டேங்குது?

மொதல்ல மருந்து யாருக்குப் போட்டீங்கன்னு பாக்கோணும். சொறியறதுக்கு மட்டும் போட்டுட்டு, கூட இருக்கறது நல்லாத்தான இருக்குதுன்னு விட்டிருப்பீங்க. அது சொறியாமயே சுமந்துக்கிட்டு இருக்கும். ஒரே கூண்டுல இருக்கற எல்லாத்துக்கும் ஒரே நாள்ல போடோணும். புதுசா சந்தையில வாங்கறத மூணு வாரம் வேற ரூம்புல வெச்சுப் பாத்துட்டுத்தான் சேக்கோணும், மொதல்ல பழசுக்குப் புல்லு போட்டுட்டு அப்பறம் புதுசுகிட்ட போவோணும்.

ரெண்டாவது கூண்டு. படர்தாமரை விதை மாதிரி உதுர்ந்து மாசக்கணக்குல உசுரோட இருக்கும். ப்ளீச்சு ஒரு பங்குக்கு தண்ணி பத்துப் பங்கு கலந்து, கினி பிக்க வேற எடத்துல வெச்சுட்டு, கூண்டக் கழுவி பத்து நிமிசம் ஊற விட்டு, அலசி வெயில்ல காய வைங்க. விரிச்ச புல்ல எரிச்சுருங்க, குப்பைமேட்டுல கொட்டாதீங்க. மூணாவது, சீக்கையே தப்பா புடிச்சிருக்கலாம், மைட்டும் பூஞ்சையும் ஒண்ணா வர்றதும் உண்டு, ஒண்ணுக்கு மருந்து போட்டா இன்னொண்ணு நிக்கும். நாலாவது, உள்ளுக்குள்ள வேற கோளாறு, பல்லு வளந்து திங்க முடியாம இருக்கறது, வைட்டமின் சி பத்தாம இருக்கறது, சினைப்பைக் கட்டி. ஒடம்பு நொந்து கெடந்தா மைட்டு மறுபடி மறுபடி தலைதூக்கும்.

பக்கத்தூட்டு அம்மிணி ஒருத்தி மூணு தடவ ஊசி போட்டும் திரும்பத் திரும்ப வருதுன்னு அழுதுச்சு. போயிப் பாத்தேன். கினி பிக்கு ரெண்டுக்கும் மருந்து போட்டாச்சு, கூண்டும் கழுவியாச்சு, ஒளிஞ்சு படுக்கறதுக்கு வெச்சிருந்த பலகைப் பொட்டிய மட்டும் யாரும் தொடல. தூக்கித் தட்டுனேன், இடுக்குல இருந்து முடியும் பொருக்கும் கைநெறைய கொட்டுச்சு. அத அடுப்புல போட்டுட்டு ஒரு அட்டைப் பெட்டியில வாசல் வெட்டி வெச்சோம், வாரா வாரம் எடுத்துப் போட்டுட்டு புதுசு வெக்கச் சொன்னேன். இப்ப பதினொரு மாசம் ஆச்சு, ரெண்டும் முடியோட நல்லாயிருக்குது.